பல் கூச்சமா? முதலில் பிரஷ்ஷைப் பாருங்கள்

ஐஸ் மோர் ஒரு வாய் குடித்ததும் கடைவாயில் சுரீர் என்கிறதா? போய் உங்கள் பிரஷ்ஷை எடுத்துப் பாருங்கள். வாங்கி ஒரு மாதம்கூட ஆகாமல் நார்கள் இருபுறமும் விரிந்து தேய்ந்த துடைப்பம் மாதிரி நின்றால், பாதிக் காரணம் அங்கேயே தெரிந்துவிடும். என் பிரஷ்ஷும் பல வருடம் அந்தக் கோலத்தில்தான் இருந்தது. அழுக்கு சேர்ந்துதான் பல் கூசுகிறது என்று நினைத்து, இன்னும் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

அழுத்தித் தேய்க்கத் தேய்க்க ஈறு ஒதுங்கி, எனாமல் என்ற கெட்டியான மேலுறை மூடாத வேர்ப்பகுதி வெளியே வந்துவிடுகிறது. அங்குள்ள டென்டின் என்ற பல்லின் உள்ளடுக்கு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள். சில்லென்று ஏதாவது பட்டால் அவற்றுக்குள் இருக்கும் திரவம் அசையும், உள்ளே நரம்பு துள்ளும். இந்த நிலைமையில் கரிப்பொடி, உப்புத்தூள், பல்லை வெளுக்க வைக்கும் சொரசொரப்பான பேஸ்ட் எல்லாமே எரிகிற கொள்ளியில் எண்ணெய்தான். சாஃப்ட் பிரஷ்ஷைப் பேனா பிடிப்பதுபோல லேசாகப் பிடித்து இரண்டு நிமிடம் தேய்த்தால் போதும்.

சுத்தக்காரர்கள் செய்கிற தவறு ஒன்று உண்டு: எலுமிச்சை ஜூஸோ மாங்காயோ நெல்லிக்காயோ உள்ளே போன கையோடு பல் தேய்ப்பது. புளிப்பு பட்ட எனாமல் கொஞ்ச நேரம் இளகியிருக்கும். அப்போது தேய்த்தால் எனாமலையே வழித்தெடுக்கிறோம். வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரம் பொறுங்கள். வாந்தி எடுத்த பிறகும் அப்படியே.

அப்புறம், கூச்சத்துக்கான பேஸ்ட்டை மூன்று நாள் போட்டுவிட்டு ஓரங்கட்டுவது. பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பேஸ்ட் நரம்பை அடக்க 2 முதல் 4 வாரம்வரை எடுத்துக்கொள்ளும். தினம் இருவேளை விடாமல் தேய்க்க வேண்டும். தேய்த்து முடித்ததும் நுரையைத் துப்பினால் போதும். சொம்புத் தண்ணீரையும் ஊற்றிக் கொப்பளித்தால் மருந்தும் அதோடு போய்விடும்.

ஒரே ஒரு பல் மட்டும் கூசினால் பேஸ்ட்டை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். சாதாரணக் கூச்சம் சில நொடிகளில் அடங்கிவிடும். தண்ணீரை விழுங்கிய பிறகும் வலி நிமிடக்கணக்கில் நின்றாலோ, கடிக்கும்போது குத்தினாலோ, தூக்கத்தைக் கலைத்தாலோ சொத்தையோ விரிசலோ இருக்கலாம். அதில் கிராம்புத் தைலம் தொட்டு வைத்தால் இடம் மரத்துப்போகும், அவ்வளவுதான். சொத்தை தன் பாட்டுக்கு உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். நானும் தைலத்தில் இரண்டு மாதம் ஓட்டினேன். அடைத்து முடித்திருக்க வேண்டிய பல்லுக்கு ரூட் கெனால் செய்ய வேண்டியதாயிற்று.