பழங்குடி மக்களின் நில உரிமை முறையீட்டைப் பன்னாட்டு அமைப்புகளிடம் கொண்டுசெல்வது எப்படி?

சுரங்க அனுமதியையோ காடு வெட்டும் உரிமத்தையோ எதிர்த்து ஒரு பழங்குடிச் சமூகம் தன் நாட்டு அதிகாரிகளிடம் பலமுறை முறையிட்டும் பயன் இல்லாதபோது, ‘ஐ.நா.வுக்கு எழுதுவோம்’ என்ற யோசனை எழுவது இயல்பு. ஆனால் ஐ.நா. என்பது ஒரே அலுவலகம் அன்று. அங்குள்ள ஒவ்வோர் அமைப்புக்கும் அதிகார வரம்பு வேறு, யார் மனுச் செய்யலாம் என்ற விதியும் வேறு. ஆகவே மனுவை எழுதத் தொடங்கும் முன், தங்கள் அரசு எந்தெந்த உடன்படிக்கைகளுக்குக் கட்டுப்பட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பலரும் முதலில் மேற்கோள் காட்டுவது 2007 செப்டம்பர் 13 அன்று ஐ.நா. பொதுச் சபை ஏற்ற பழங்குடி மக்கள் உரிமைப் பிரகடனத்தை. அன்று 144 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்து வாக்களித்த ஆஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து, அமெரிக்கா ஆகிய நான்கும் பின்னர் தம் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டன. பிரகடனத்தின் 32ஆம் பிரிவு, நிலத்தையும் வளங்களையும் பாதிக்கும் திட்டம் எதற்கும் அம்மக்களின் சுதந்திரமான, முன்கூட்டிய, விவரமறிந்த ஒப்புதலைப் பெற அரசு அவர்களோடு கலந்துபேச வேண்டும் என்கிறது. எனினும் பிரகடனம் என்ற அளவில் அது அரசை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. கட்டுப்படுத்தக்கூடியது பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1989ஆம் ஆண்டு 169ஆம் உடன்படிக்கை. ஆனால் அதை ஏற்புறுதி செய்த நாடுகள் இருபதுக்குச் சற்றே அதிகம்.

அடுத்த வேலை ஆவணம் திரட்டுவது. பெரும்பாலான முறையீடுகள் வலுவிழப்பது இங்கேதான் என்பது என் எண்ணம். ‘எங்களைக் கேட்காமலே அனுமதி கொடுத்துவிட்டார்கள்’ என்ற ஒற்றை வரி உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அதை வைத்து எவராலும் விசாரிக்க முடியாது. கூட்டம் எந்தத் தேதியில் நடந்தது, அறிவிப்பு எத்தனை நாள் முன்னதாக வந்தது, திட்ட அறிக்கை எந்த மொழியில் தரப்பட்டது, அந்த மொழியை வாசிக்கத் தெரிந்தவர்கள் கூட்டத்தில் எத்தனை பேர், காவலர்கள் நின்றார்களா, வருகைப் பதிவேட்டுக் கையெழுத்தே பின்னர் ஒப்புதலாகக் காட்டப்பட்டதா என்று எழுதினால், ஒப்புதல் சுதந்திரமானதா, முன்கூட்டியதா, விவரமறிந்ததா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தானாகவே கிடைத்துவிடும். இடுகாடு, நீரூற்று, மேய்ச்சல் வழி, வழிபாட்டிடம் ஆகியவற்றை ஊர்ப் பெரியவர்களோடு நடந்து வரைபடமாக்குவதும் நல்லது. ஆனால் வெளியே சொல்லக்கூடாத புனித இடங்களைப் பொது ஆவணத்தில் குறிக்கலாமா என்பதை அச்சமூகமே தீர்மானிக்க வேண்டும்.

விரைவாக அணுகக்கூடியவர் பழங்குடி மக்கள் உரிமைகளுக்கான ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர். இப்பொறுப்பு 2001இல் உருவாக்கப்பட்டது. உள்நாட்டு நீதிமன்றங்களை எல்லாம் முதலில் கடந்துவர வேண்டும் என்ற நிபந்தனை இங்கே இல்லை. அரசு எந்த உடன்படிக்கையிலும் சேராதிருந்தாலும் எழுதலாம். பாதிக்கப்பட்டோரின் சம்மதம் மட்டும் கட்டாயம். பழிவாங்கல் அச்சம் இருந்தால் பெயரை மறைத்துவைக்கும்படி மனுவிலேயே கேட்க வேண்டும். அவர் அரசிடம் விளக்கம் கேட்டு எழுதுவார். தீர்ப்புச் சொல்ல மாட்டார்.

சட்ட முடிவு வேண்டுமெனில் ஐ.நா.வின் மனித உரிமைக் குழுவை நாடலாம். அதற்கு உங்கள் அரசு குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையோடு, தனிநபர் மனுக்களுக்கு வழிசெய்யும் அதன் முதலாம் விருப்ப நெறிமுறை என்ற துணை ஒப்பந்தத்தையும் ஏற்றிருக்க வேண்டும். பயன் தரக்கூடிய உள்நாட்டுத் தீர்வுகளையும் முயன்று முடித்திருக்க வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. சுயநிர்ணய உரிமையைப் பேசும் 1ஆம் பிரிவின் கீழ் தனிநபர் மனு ஏற்கப்படாது. சிறுபான்மையினர் தம் பண்பாட்டை அனுபவிக்கும் உரிமையைச் சொல்லும் 27ஆம் பிரிவின் மீதே வாதத்தைக் கட்ட வேண்டும். பெரு நாட்டில் அரசு தோண்டிய கிணறுகளால் மேய்ச்சல் நிலம் வறண்டு அல்பாக்கா என்ற கால்நடைகளை இழந்த ஆன்கெலா போமா போமா தொடுத்த வழக்கில், 2009இல் அந்தப் பிரிவு மீறப்பட்டதாகவே குழு முடிவு செய்தது. வெறும் கலந்தாலோசனை போதாது, ஒப்புதல் வேண்டும் என்றும் கூறியது.

169ஆம் உடன்படிக்கையை மீறியதாகப் புகார் செய்வதில் பலர் அறியாத தடை ஒன்று உண்டு: பழங்குடிச் சமூகம் தன் பெயரில் நேரடியாக மனுச் செய்ய இயலாது. தொழிலாளர் அல்லது முதலாளிகள் அமைப்பு வழியாகவே செல்ல வேண்டும் என்பதால், தொழிற்சங்கம் ஒன்றோடு முன்பே உறவை வளர்த்துக்கொள்வது நல்லது.

திட்டத்துக்குக் கடன் தருபவர் யார் என்றும் விசாரியுங்கள். உலக வங்கியின் பணம் என்றால், பாதிக்கப்பட்டோர் இருவர் சேர்ந்தாலே அதன் ஆய்வுக் குழுவிடம் மனுக் கொடுக்கலாம். அதற்கு முன் வங்கி நிர்வாகத்திடம் முறையிட்டிருக்க வேண்டும். வங்கி தன் விதிகளைத் தானே பின்பற்றியதா என்பதை மட்டுமே அக்குழு ஆராயும்.

வெளிநாட்டு ஆதரவு அமைப்புகள் சட்ட உதவி, மொழிபெயர்ப்பு, பயணச் செலவு ஆகியவற்றில் துணை நிற்கலாம். பேச்சாளர் யார், சமரசத்துக்கு உடன்படுவதா என்பவற்றைச் சமூகத்தின் கூட்டமே முடிவு செய்து எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஐ.நா. கூட்டங்களுக்குச் செல்லும் பழங்குடிப் பிரதிநிதிகளுக்கு 1985இல் தொடங்கிய தன்னார்வ நிதியம் உதவுகிறது.

சாதகமான முடிவு வந்த பிறகும் கோப்பை மூடிவிடக் கூடாது. நிகராகுவாவின் அவாஸ் திங்னி சமூகத்துக்கு ஆதரவாக அமெரிக்கக் கண்ட நாடுகளுக்கான மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2001இல். சுமார் 73,000 ஹெக்டேர் நிலத்துக்கான பட்டா கைக்கு வந்தது 2008 டிசம்பரில். அத்தகைய இடைக்காலத்தில், மனித உரிமைகள் பேரவை ஒவ்வொரு நாட்டையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மீளாய்வு செய்யும்போது, நிறைவேறாத உத்தரவுகளைக் குறிப்பிட்டுச் சமூகமும் தன் அறிக்கையை அனுப்பலாம். அனுப்பும் கடைசி நாள் மீளாய்வுக்குப் பல மாதங்கள் முன்னதாகவே முடிந்துவிடும் என்பதால், கால அட்டவணையைத் தொடக்கத்திலேயே குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.