படிப்பவர் பலர், எழுதுபவர் ஒருவர்: கெர்னலில் எந்தப் பூட்டு?

கொழிஞ்சாம்பாறையில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் லினக்ஸ் வகுப்புக்கு வருகிறவர்களில் சிலர் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துத் தமிழ் மீடியம் பள்ளிகளில் படித்தவர்கள். மற்றவர்கள் எல்லைக்கு இந்தப்புறம், பொள்ளாச்சிப் பக்கம். எல்லாருக்கும் சி மொழி தெரியும், த்ரெட் தெரியும். ஒரே தரவைப் பலர் படித்து, எப்போதாவது ஒருவர் எழுதினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், யோசிக்காமல் ஒரே பதில் வரும்: ரீடர்-ரைட்டர் லாக், அதாவது படிப்பவர்களை ஒன்றாகவும் எழுதுபவரைத் தனியாகவும் உள்ளே விடும் பூட்டு. பரீட்சையில் அதற்கு முழு மார்க் கிடைக்கும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் பெரும்பாலும் அது சரியான தேர்வு கிடையாது. ஏன் என்று ஒரு சின்ன மாட்யூலை (கெர்னலில் செருகும் நிரல்) வைத்தே பார்த்துவிடலாம்.

எங்கள் பயிற்சி மாட்யூலின் பெயர் விலைப்பலகை. வேலந்தாவளம் காய்கறிச் சந்தையின் தக்காளிப் பெட்டி விலையை கெர்னல் நினைவகத்தில் வைத்திருக்கும் ஒரு கேரக்டர் டிவைஸ், அதாவது புரோகிராம்கள் ஒரு ஃபைல் போலத் திறந்து படிக்கவும் எழுதவும் கூடிய சாதனம். ஒரு புரோகிராம் விலையை எழுதும். எத்தனை புரோகிராம் வேண்டுமானாலும் படிக்கும். உள்ளே இரண்டே புலங்கள்: விலை, அந்த விலை பதிவான நேரம்.

படி 1: பூட்டே போடாமல் ஓட்டிப் பாருங்கள்

பலகையில் 420 ரூபாய், நேரம் 6:10 என்று இருக்கிறது. 6:40-க்கு விலை 280-க்கு இறங்கிவிட்டது. எழுதுபவர் செய்வது இரண்டு வேலை:

பலகை.விலை = 280
பலகை.நேரம் = 640

இந்த இரண்டு வரிக்கும் நடுவில் புராசசரின் வேறொரு கோரில் இருப்பவர் படித்தால் அவர் கையில் கிடைப்பது 280, 6:10. அப்படியொரு விலை அந்த நேரத்தில் சந்தையில் இருந்ததே இல்லை. "படிக்கத்தானே செய்யறாங்க, அப்புறம் எதுக்குங்க சார் பூட்டு?" என்று ஒரு மாணவர் கேட்டார். பதில் இதுதான். படிப்பவர்கள் தமக்குள் மோதுவதில்லை. எழுதுபவர் பாதி வேலையில் இருக்கும்போது அவர்கள் எட்டிப் பார்ப்பதுதான் ஆபத்து.

இங்கே ஒரு வித்தியாசத்தை மனதில் இருத்திக்கொள்ளுங்கள். பழைய விலை வேறு, கலப்பு விலை வேறு. 420, 6:10 என்று படித்தவர் பழசைப் படித்தார். ஆனாலும் அது ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது. 280, 6:10 என்பது எக்காலத்திலும் உண்மை கிடையாது. கலப்பை எங்கும் அனுமதிக்கக் கூடாது. பழசை அனுமதிக்கலாமா என்பது உங்கள் தரவைப் பொறுத்தது. பின்னால் வரும் எல்லாத் தேர்வும் இந்தக் கேள்வியில்தான் போய் நிற்கும்.

படி 2: முதலில் சாதாரண ஸ்பின்லாக்

ஸ்பின்லாக் என்பது, கிடைக்கும்வரை தூங்காமல் சுழன்றபடியே காத்திருக்க வைக்கும் பூட்டு. ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் கிடைக்கும். படிப்பவரும் எழுதுபவரும் ஒரே பூட்டை எடுக்கட்டும்.

பூட்டு(பலகைப்_பூட்டு)
உள்பிரதி = பலகை
திற(பலகைப்_பூட்டு)
பயனருக்கு_அனுப்பு(உள்பிரதி)

கடைசி வரி பூட்டைத் திறந்த பிறகு வருகிறது, கவனியுங்கள். பயனர் நினைவகத்துக்குத் தரவை நகலெடுக்கும் ஃபங்ஷன் பேஜ் ஃபால்ட்டில் (கேட்ட பக்கம் நினைவகத்தில் தயாராக இல்லாத நிலை) மாட்டித் தூங்கப் போகலாம். ஸ்பின்லாக்கைக் கையில் வைத்துக்கொண்டு தூங்கக் கூடாது. அதனால் பூட்டுக்குள் ஒரு லோக்கல் மாறியில் நகல், வெளியே வந்து அனுப்புதல். இனி வரும் முறைகளிலும் இதே ஒழுங்குதான்.

உங்கள் பணி இதிலேயே முடிந்துவிட்டால் மேலே போக வேண்டாம். இரண்டு எண்களை நகலெடுக்கும் நேரம்தான் பூட்டு மூடியிருக்கிறது. நான்கு கோர் உள்ள போர்டில் இது போதாமல் போவது அபூர்வம்.

படி 3: ரீடர்-ரைட்டர் லாக்

விதி எளிது. படிப்பவர்கள் எத்தனை பேரும் ஒன்றாக உள்ளே போகலாம். எழுதுபவர் போனால் தனியாகத்தான் போவார். 1971-இல் கூர்ட்வா, ஹேமான்ஸ், பார்னாஸ் மூவரும் எழுதிய கட்டுரையில்தான் இந்தச் சிக்கலுக்கு இன்று பாடப்புத்தகங்களில் உள்ள வடிவம் கிடைத்தது. அவர்கள் அப்போதே இரண்டு வகையாகப் பிரித்தார்கள். படிப்பவருக்கு முன்னுரிமை கொடுத்தால், படிப்பவர் ஓயாமல் வந்துகொண்டே இருக்கும்போது எழுதுபவருக்கு முறையே வராமல் போகலாம். எழுதுபவருக்கு முன்னுரிமை கொடுத்தால், படிப்பவர் காத்துக் கிடக்க நேரலாம்.

லினக்ஸில் இதற்கு இரண்டு உருவம் உண்டு. சுழன்றபடியே காத்திருக்கும் ஆர்டபிள்யூலாக் ஒன்று. காத்திருக்கும்போது தூங்க விடும் ஆர்டபிள்யூ செமஃபோர் இன்னொன்று. முதலாவதன் இன்றைய வடிவம் 2014-இல் 3.16 பதிப்பில் வந்த வரிசை முறை: வந்தவர் வந்த வரிசையில் போவார். இன்டரப்டுக்குள்ளிருந்து (ஓடும் வேலையை இடைநிறுத்தி வரும் அவசர அழைப்பு) படிக்க வருபவருக்கு மட்டும் விலக்கு உண்டு. எழுதுபவர் வரிசையில் நின்றுகொண்டிருந்தாலும் இவர் முந்திப் போகலாம். அதே கோரில் ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்த வேலையை இன்டரப்ட் இடைமறித்திருந்தால், இவரை வரிசையில் நிறுத்துவது முட்டுக்கட்டையில் (டெட்லாக்: ஒருவருக்காக ஒருவர் காத்து எல்லாரும் நின்றுபோவது) போய் முடியும்.

புதியவர்கள் எழுதும் கோடில் ஒரு பிழை திரும்பத் திரும்ப வருகிறது. படிக்கும் பூட்டோடு உள்ளே போய், விலை மாறியிருக்கிறதா என்று பார்த்து, மாறியிருந்தால் அதே இடத்தில் எழுதும் பூட்டைக் கேட்பது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் இதைச் செய்தால் என்ன ஆகும்? முதலாமவர் இரண்டாமவர் வெளியேறக் காத்திருப்பார், இரண்டாமவர் முதலாமவர் வெளியேறக் காத்திருப்பார். இருவருமே படிக்கும் பூட்டை விடமாட்டார்கள். இரண்டு பேர்கூடத் தேவையில்லை. ஒருவரே தன் படிக்கும் பூட்டு விடுபடத் தானே காத்திருந்து நின்றுபோவார். எழுத நேரலாம் என்று தோன்றினால் முதலிலேயே எழுதும் பூட்டை எடுங்கள். செமஃபோர் வகையில் எழுதும் பூட்டிலிருந்து படிக்கும் பூட்டுக்கு இறங்க வழி இருக்கிறது. ஏற வழி கிடையாது.

படி 4: வேகம் ஏன் கூடவில்லை?

வகுப்பில் நான் அதிக நேரம் நின்று விளக்குவது இந்த இடம்தான்.

ஸ்பின்லாக்கை எடுத்துவிட்டு ஆர்டபிள்யூலாக் போட்டாயிற்று. படிப்பவர்கள் யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. நான்கு கோரில் நான்கு மடங்கு வேகம் வந்திருக்க வேண்டும். வராது. எங்கள் மாட்யூல் மாதிரிச் சின்ன வேலைகளில் ஸ்பின்லாக்கைவிடக் குறைந்தும் போகலாம்.

எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்று பூட்டுக்குத் தெரிய வேண்டும். அதற்கு ஓர் எண்ணிக்கை இருக்கிறது. படிக்க வருபவர் அதில் ஒன்றைக் கூட்டுவார், போகும்போது ஒன்றைக் கழிப்பார். அதாவது, விலையைப் படிக்க மட்டும் வந்தவர் பூட்டில் எழுதுகிறார். ஒவ்வொருவரும் இரண்டு முறை.

புராசசர் நினைவகத்தை ஒரு பைட், இரண்டு பைட்டாகக் கையாள்வதில்லை. கேஷ் லைன் என்ற துண்டுகளாகத்தான் எடுத்துக்கொள்ளும். எக்ஸ்86 மெஷின்களிலும் ராஸ்பெரி பை 4-லும் ஒரு துண்டு 64 பைட். ஒரு கோர் அந்தத் துண்டில் எழுத வேண்டுமானால், மற்ற எல்லாக் கோர்களிலும் உள்ள அதன் பிரதிகள் செல்லாதவையாக வேண்டும். முதல் கோர் எண்ணிக்கையைக் கூட்டியதும் துண்டு அதனிடம் இருக்கிறது. இரண்டாவது கோர் கூட்ட வந்தால் துண்டு அங்கே போக வேண்டும். மூன்றாவது வந்தால் அங்கே. ஒவ்வொரு இடமாற்றத்துக்கும் சில பத்து நானோ விநாடி ஆகிறது. இரண்டு சாக்கெட் (தனித்தனிப் புராசசர் சிப்) உள்ள சர்வரில் நூறைத் தாண்டும். பூட்டுக்குள் நாம் செய்யும் வேலையோ இரண்டு எண்ணை நகலெடுப்பது. பூட்டை எடுத்து விடும் செலவு, உள்ளே நடக்கும் வேலையை விழுங்கிவிடுகிறது.

பூட்டு பெயரளவில் எல்லாரையும் ஒன்றாக உள்ளே விடுகிறது. அந்த 64 பைட் துண்டோ ஒருவர் பின் ஒருவராகத்தான் விடுகிறது. லினக்ஸின் வேகத்தை அளக்கும் பெர்ஃப் கருவியின் சி-டு-சி (perf c2c) வசதியை ஓட்டினால் எந்தத் துண்டு இப்படி அலைகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

லினக்ஸ் கெர்னலோடு வரும் ஆவணமும் இதையே சொல்கிறது: படிக்கும் பகுதி நீளமாக இல்லையென்றால் சாதாரண ஸ்பின்லாக்கே நல்லது, கலந்து பேசாமல் புதிதாக ஆர்டபிள்யூலாக் சேர்க்க வேண்டாம். தூங்க விடும் செமஃபோருக்கும் இந்தச் சுமை உண்டு. ஒரு புராசஸின் முகவரி வெளியைக் காக்கும் எம்மேப் லாக் அந்த வகைதான். பல த்ரெட் உள்ள புரோகிராம்களில் அது நெடுங்காலம் நெரிசலாகவே இருந்தது. 2023-இல் வந்த 6.4 பதிப்பில், முகவரி வெளியின் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனிப் பூட்டுக் கொடுத்த பிறகுதான் பேஜ் ஃபால்ட் பாதையில் மூச்சுவிட இடம் கிடைத்தது.

ஆக, நாம் தேட வேண்டியது படிப்பவர் எதையுமே எழுதாத ஒரு முறை.

படி 5: சீக்வென்ஸ் லாக்

தரவோடு ஒரு வரிசை எண்ணை வையுங்கள். எழுதுபவர் தொடங்கும்போது ஒன்று கூட்டுவார், எண் ஒற்றைப்படை ஆகும். முடிக்கும்போது இன்னொன்று கூட்டுவார், இரட்டைப்படை ஆகும். படிப்பவர் செய்வது:

செய்
  எண் = வரிசை_தொடக்கம்(பலகை)
  உள்பிரதி = பலகை.தரவு
மறுபடியும்_செய், வரிசை_மாறியதா(பலகை, எண்) என்றால்

எண் ஒற்றைப்படையாக இருந்தால் தொடக்க ஃபங்ஷனே இரட்டைப்படை ஆகும்வரை காத்திருக்கும். நகலெடுத்து முடித்ததும் எண் மாறியிருந்தால் அந்த நகலைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து. 280, 6:10 என்ற கலப்பு நகல் ஒரு கணம் கையில் வந்திருக்கலாம். சோதனையைத் தாண்டி வெளியே போகாது. படிப்பவர் நினைவகத்தில் எதையும் எழுதவில்லை, துண்டு அலையவில்லை. எழுதுபவரும் படிப்பவருக்காகக் காத்திருப்பதில்லை.

மணி என்ன என்று உங்கள் புரோகிராம் கேட்கும்போது நடப்பதும் இதுதான். லினக்ஸில் அந்தக் கேள்விக்கு கெர்னலுக்குள் போகவே தேவையில்லாதபடி, ஒரு பக்கத்தைப் புராசஸின் முகவரி வெளியில் வைத்து, வரிசை எண்ணோடு படிக்க விடுகிறார்கள்.

மூன்று எச்சரிக்கை. தரவுக்குள் பாயின்டர் இருந்தால் இந்த முறை ஆகாது. நகல் தவறு என்று பிறகு தெரிந்து பயனில்லை. அதற்குள் விடுவிக்கப்பட்ட நினைவகத்தைத் தொட்டிருப்பீர்கள். எழுதுவது அடிக்கடி நடந்தால் படிப்பவர் திரும்பத் திரும்பச் சுற்றுவார். எழுதுபவர் எண்ணை ஒற்றைப்படை ஆக்கிவிட்டு நிற்கும்போது, அதே கோரில் இன்டரப்ட் வந்து, அந்த இன்டரப்ட் இதே பலகையைப் படிக்க முயன்றால் முடிவே இல்லாமல் சுழலும். இன்டரப்டில் படிக்கப் போகிறீர்கள் என்றால் எழுதும்போது இன்டரப்டை அணைக்கும் வடிவத்தைப் பயன்படுத்துங்கள்.

விலைப்பலகைக்கு என் தேர்வு இதுவே. இரண்டு எண், பாயின்டர் இல்லை, எழுதுவது அரிது.

படி 6: ஆர்சியு

இப்போது பலகையை வளர்ப்போம். தக்காளி மட்டும் போதாது, வெண்டை, பாகல், புடலை என்று ஒரு லிங்க்டு லிஸ்ட் வேண்டும், ஒவ்வொரு உருப்படியும் அடுத்ததைப் பாயின்டரால் காட்டும் பட்டியல். பாயின்டர் வந்துவிட்டது, சீக்வென்ஸ் லாக் கை கொடுக்காது. இங்கே வருவது ஆர்சியு (ரீட்-காப்பி-அப்டேட்). 1990-களில் சீக்வென்ட் நிறுவனத்தின் டைனிக்ஸ் கெர்னலில் இருந்த முறை. பால் மெக்கென்னியும் ஜான் ஸ்லிங்வைனும் 1998-இல் அதைக் கட்டுரையாக எழுதினார்கள். லினக்ஸுக்குள் 2002 அக்டோபரில், 2.5.43 பதிப்பில் நுழைந்தது.

எழுதுபவர் இருக்கிற உருப்படியைத் திருத்துவதில்லை. புதிதாக ஒன்றை உருவாக்கி, முழுக்க நிரப்பி, கடைசியில் பாயின்டரை மட்டும் மாற்றுகிறார்.

புது = நினைவகம்_கேள்()
புது.விலை = 280
புது.நேரம் = 640
பழசு = பலகை_பாயின்டர்
ஆர்சியு_வெளியிடு(பலகை_பாயின்டர், புது)
ஆர்சியு_காத்திரு()
விடுவி(பழசு)

பாயின்டர் மாறுவதற்கு முன் உள்ளே போனவர் பழசை முழுசாகப் பார்ப்பார். பிறகு போனவர் புதுசை முழுசாகப் பார்ப்பார். கலப்பு யாருக்கும் கிடைக்காது. வெளியிடும் வரியைச் சாதாரண ஒதுக்கீடாக எழுதிவிடாதீர்கள். புலங்கள் நிரம்பும் முன்பே பாயின்டர் வெளியே தெரியும்படி கம்பைலரோ புராசசரோ வரிசையை மாற்றிவிடலாம். உங்கள் லேப்டாப்பில் நன்றாக ஓடிய கோடு ராஸ்பெரி பையில் உடைவதற்கு இது ஒரு வழக்கமான காரணம்.

காத்திருக்கும் வரியில்தான் அழகு இருக்கிறது. பழசை யாராவது இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்களா என்று எண்ணிக்கை இல்லாமல் எப்படித் தெரியும்? ஆர்சியு படிக்கும் பகுதிக்குள் தூங்கக் கூடாது என்பது விதி. ஓடும் வேலையிடமிருந்து கோரை நடுவில் பறிக்காத (நான்-ப்ரீஎம்ப்டிவ்) கெர்னலில், படிக்கும் பகுதிக்குள் இருக்கும்வரை அந்தக் கோர் வேறு வேலைக்கு மாறாது. ஆகவே பாயின்டர் மாறிய பிறகு ஒவ்வொரு கோரும் ஒரு முறையாவது வேலை மாறிவிட்டது என்றால், முன்பு உள்ளே இருந்தவர் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள் என்றுதான் பொருள். அந்த இடைவெளிக்கு கிரேஸ் பீரியட் என்று பெயர். இந்த வகைக் கெர்னலில் படிப்பவரின் 'உள்ளே', 'வெளியே' வரிகள் கம்பைல் ஆனபின் ஏறக்குறைய ஒன்றுமே இல்லாமல் போகும். நடுவில் பறிக்க விடும் கெர்னலில் ஒவ்வொரு டாஸ்க்கும் தன் சொந்தக் கணக்கை வைத்துக்கொள்ளும். அப்போதும் பொதுவான துண்டு எதுவும் அலையாது.

செலவு முழுக்க எழுதுபவர் தலையில். கிரேஸ் பீரியட் மில்லி விநாடிக் கணக்கில் நீளும். காத்திருக்க முடியாத இடத்தில், பிறகு விடுவிக்கும்படி கால்-ஆர்சியுவிடம் ஒப்படைத்துவிட்டு நகரலாம். எழுதுபவர் இருவர் இருந்தால் அவர்களுக்குள் ஒரு ஸ்பின்லாக் கட்டாயம் வேண்டும். ஆர்சியு அதைப் பார்த்துக்கொள்ளாது.

இங்கே படி 1-இன் கேள்வி திரும்ப வருகிறது. ஆர்சியுவில் படிப்பவர் சிறிது நேரம் பழசையே பார்க்கலாம். சந்தை விலை என்றால் நஷ்டமில்லை. அதே அமைப்பில் ஒரு கணக்கின் மீதித் தொகையை வைத்து, படித்த எண்ணை நம்பிப் பணம் கழிக்கப் போனால் கணக்கே தப்பாகும். அங்கே ஸ்பின்லாக்தான்.

படி 7: சோதிப்பது

பூட்டுப் பிழைகள் நூறு முறை ஓட்டினாலும் தெரியாமல், நூற்றோராவது முறை தெரியும். அதனால் கெர்னலைக் கட்டமைக்கும்போதே, பூட்டுகள் எடுக்கப்படும் ஒழுங்கைக் கண்காணிக்கும் லாக்டெப் சோதனையை இயக்குங்கள். படி 3-இல் பார்த்த ஏறும் முட்டுக்கட்டையை, அது உண்மையில் நிகழும் முன்பே சொல்லிவிடும். பூட்டில்லாமல் தொட்ட தரவைப் பிடிக்கக் கேசிசான் இருக்கிறது, 2020-இல் 5.8 பதிப்பில் சேர்ந்தது. இரண்டும் வேகத்தைக் குறைக்கும், பயிற்சிக்கு அது பொருட்டில்லை.

மாட்யூலைக் கழற்றும் ஃபங்ஷனில் ஒரு வரி பாக்கி. நீங்கள் கால்-ஆர்சியுவிடம் ஒப்படைத்த விடுவிப்புகள் இன்னும் வரிசையில் நிற்கலாம். மாட்யூல் கழன்றதும் அவை அழைக்க வேண்டிய ஃபங்ஷனே நினைவகத்தில் இருக்காது, கெர்னல் விழுந்துவிடும். புது அழைப்புகள் வராதபடி டிவைஸை முதலில் நீக்குங்கள், அதற்குப் பிறகு ஆர்சியு பேரியரை அழைத்து எல்லாம் முடியும்வரை நில்லுங்கள், கடைசியாக மிச்சமிருக்கும் நினைவகத்தை விடுவியுங்கள். இந்த வரிசை மாறக் கூடாது.