ஜப்பானிய இலக்கணம்: கடைசி எழுத்தை நம்பி வகை பிரிக்காதீர்கள்

"நேற்று குளிராக இருந்தது" என்பதை ஜப்பானிய மொழியில் சொல்லும்போதுதான் நம் ஆட்கள் பலர் முதலில் சறுக்குகிறார்கள். குளிருக்கு 'சமுயி', இருந்ததுக்கு 'தெஷ்தா', இரண்டையும் ஒட்டினால் சரி என்று தமிழ்ப் பழக்கம் தானாகவே கணக்குப் போட்டுவிடுகிறது. ஆனால் இ-பெயரடைகள் ('சமுயி' போல, பெயர்ச்சொல்லுக்கு முன்னும் இ-யிலேயே முடிந்து நிற்பவை) வினைச்சொல் மாதிரி தாங்களே காலம் காட்டும், அதனால் 'சமுக்கத்தா தெஸ்' என்றுதான் வரவேண்டும். அங்கே தெஸ் வெறும் மரியாதைக்கு. தெஷ்தா போடுவதெல்லாம் ன-பெயரடைக்கு (பெயர்ச்சொல்லுக்கு முன் 'ன' சேர்த்துக்கொள்ளும் வகை): 'ஷிசுகா தெஷ்தா', அமைதியாக இருந்தது.

சரி, எது இ, எது ன? இ-யில் முடிந்தாலே இ-பெயரடை என்று நினைப்பது அடுத்த தவறு. அழகைச் சொல்லும் 'கிரெயி', பிடிக்காததைச் சொல்லும் 'கிரயி', புகழைச் சொல்லும் 'யூமெயி' மூன்றுமே ன-வகை. 'கிரெகுனயி' என்று யாரும் சொல்வதில்லை, 'கிரெயி ஜா னயி'தான். ஒரு நல்ல அடையாளம் உண்டு: எ-ஒலிக்குப் பின் இ வந்து முடியும் சொல் இ-பெயரடையாக இருக்காது. இதில் 'கிரயி' மட்டும் மாட்டாது, அதை மனப்பாடம்தான் செய்யவேண்டும். 'ஈ' (நல்ல) இ-பெயரடைதான், ஆனால் அதையும் மனப்பாடம் செய்யவேண்டும், எதிர்மறையில் 'யொகுனயி', இறந்தகாலத்தில் 'யொக்கத்தா' என்று அடியோடு மாறிவிடும்.

வினைச்சொல்லில் இதே வம்பு இன்னும் பெரிது. 'இரு', 'எரு' என்று முடிந்தால் இரண்டாம் குழு (எதிர்மறையில் 'ரு' போய் 'னயி' சேரும் வினைகள்) என்று சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள், பாதி உண்மை. 'தபெரு' (சாப்பிடு) 'தபெனயி' ஆகும், ஆனால் 'கயெரு' (வீடு திரும்பு) முதல் குழு, அங்கே 'ரு' 'ர' ஆகி 'கயெரனயி' ஆகும். ஹயிரு (நுழை), ஹஷிரு (ஓடு), ஷிரு (அறி) எல்லாம் இந்தக் கூட்டம்தான். இதில் மோசமானது 'கிரு', ஏனென்றால் உடுத்துவதும் அதே, வெட்டுவதும் அதே. உடுத்தினால் 'கிதே', வெட்டினால் 'கித்தே'.

கான்ஜி (ஜப்பானியர் பயன்படுத்தும் சீன எழுத்துகள்) படிப்பவர்களுக்கு ஒரு குறுக்குவழி: கான்ஜி எழுத்துக்கு வெளியே 'ரு' மட்டும் தனியாக நின்றால் முதல் குழுவாக இருக்க வாய்ப்பு அதிகம், 'தபெரு'வில் வரும் 'பெரு' போல இரண்டு எழுத்து நின்றால் பெரும்பாலும் இரண்டாம் குழு. மிரு (பார்), நெரு (தூங்கு) போன்ற குட்டிச் சொற்கள் இதற்கு அடங்காது, உடுத்தும் கிருவும் அங்கேதான். எனவே அகராதி வடிவத்தோடு நிறுத்தாமல், புதிய சொல் எழுதும்போதே பக்கத்தில் அதன் எதிர்மறையையும் எழுதிவிடுங்கள்.