பீர் ஆலையின் நிலவறையில் ஒளி: உன்னா ஒளிக்கலை அருங்காட்சியகத்துக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

ஜெர்மனியின் ஹம் நகரில் காமாட்சி அம்பாள் கோவில் தேர் என்றால் ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்தும் தமிழர்கள் வந்து சேருவார்கள். அப்படி வருகிற உறவினர்கள், "பக்கத்தில் பார்க்க வேறு என்ன இருக்கிறது?" என்று கேட்டால் நான் சொல்லும் பதில் எப்போதும் ஒன்றுதான். உன்னாவுக்குப் போங்கள். ஹம்முக்கு அடுத்தாற்போல் இருக்கும் சின்ன ஊர். அங்கே ஒரு பழைய பீர் ஆலையின் அடியில், தரைக்குப் பத்து மீட்டர் கீழே, ஒளியை வைத்துச் செய்த கலைப்படைப்புகள் இருக்கின்றன. சர்வதேச ஒளிக்கலை மையம் என்று பெயர்.

இதுவரை நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். எல்லோரும் முதல் முறை செய்த தவறுகள் ஏறக்குறைய ஒன்றே. நானும் அவற்றைச் செய்தேன். அதனால்தான் படிப்படியாக எழுதி வைக்கிறேன்.

படி 1: எதைப் பார்க்கப் போகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

"ஒளி அருங்காட்சியகம்" என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது, ஓவியங்களைச் சுவர் முழுக்கப் புரொஜெக்டரில் ஓடவிட்டு இசை போடும் இடங்கள். பாரிஸில் 2018இல் ஒரு பழைய இரும்பு வார்ப்பாலையில் திறந்த 'அத்தலியே தே லூமியேர்' அந்த வகை. அதுவும் அழகுதான். ஆனால் அங்கே ஓடுவது வேறெங்கோ இருக்கும் ஓவியத்தின் பிம்பம். உன்னாவில் அப்படி இல்லை. கலைஞர்கள் இந்த நிலவறைக்கு வந்து, இந்தச் சுவரையும் இந்த வளைவையும் பார்த்து, இதற்கென்றே செய்த படைப்புகள்தான் இங்கே நிரந்தரமாக இருக்கின்றன. இவற்றைக் கழற்றி இன்னொரு ஊரில் மாட்டினால் அது வேறு ஏதோ ஒன்றாகிவிடும்.

கட்டடத்தைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது. லிண்டன் பீர் ஆலை 1979இல் மூடப்பட்டது. குளிர்சாதன இயந்திரம் வருவதற்கு முந்தைய காலத்தில் ஜெர்மன் பீர் புளிப்பதற்கும் முதிர்வதற்கும் குளிர் வேண்டும் என்று ஆலைக்காரர்கள் நிலத்தைத் தோண்டி, பனிக்கட்டி நிரப்பி வைப்பார்கள். சன்னல் கிடையாது, கெட்டியான சுவர், வெளிச்சம் ஒரு துளி உள்ளே வராது. பீருக்காக வெட்டிய அந்த இருட்டுதான் 2001இல் ஒளிக்கலைக்கு வீடானது. ஒளியைப் பார்க்க இதைவிடப் பொருத்தமான இடத்தைப் புதிதாகக் கட்டியிருந்தாலும் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

படி 2: நாளைத் தேர்ந்தெடுங்கள்

ஹம் தேர் பொதுவாக ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் திங்கள் என்றால் ஜெர்மனியில் பெரும்பாலான அருங்காட்சியகங்களுக்கு விடுமுறை, இங்கேயும் அப்படித்தான். ஆகவே தேருக்கு முந்தைய சனிக்கிழமை போய்விடுங்கள். இங்கே வழிகாட்டியோடு போகும் நேரங்களும் உண்டு, நாமாகச் சுற்றிப் பார்க்கும் நாட்களும் உண்டு. எந்த நாள் எது என்பதை அவர்களுடைய இணையதளத்தில் அந்த வாரமே பார்த்துக்கொள்ளுங்கள். விளக்கம் வழக்கமாக ஜெர்மன் மொழியில் இருக்கும். ஆங்கிலம் வேண்டுமானால் முன்கூட்டியே கேளுங்கள்.

முதல் முறை போகிறவர்களுக்கு வழிகாட்டிதான் நல்லது. மொழி பாதி புரியாவிட்டாலும் பரவாயில்லை, எந்த அறையில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பது அவரோடு நடந்தால் தானாகவே பழகிவிடும்.

பருவம் எது? இதில் ஒரு இக்கட்டு இருக்கிறது. வெளியே இருக்கும் ஒரு படைப்புக்கு நல்ல சூரிய வெளிச்சம் வேண்டும். இன்னொன்றுக்கு இருட்ட வேண்டும். ஜூனில் இங்கே சூரியன் மறைய இரவு ஒன்பதே முக்காலுக்கு மேலாகும். டிசம்பரில் நாலரைக்கே இருட்டிவிடும், ஆனால் வானம் பாதி நாள் சாம்பல் நிறத்தில் மூடிக் கிடக்கும். ஒரே நாளில் இரண்டும் வேண்டும் என்றால் என் தேர்வு மார்ச் கடைசி அல்லது அக்டோபர், அதுவும் மேகமில்லாத நாளாகப் பார்த்து, பிற்பகலில்.

படி 3: போய்ச் சேருங்கள்

ஹம்மிலிருந்தும் டோர்ட்முண்டிலிருந்தும் உள்ளூர் ரயில் இருக்கிறது. இரண்டுமே அரை மணி நேரத்துக்குள். ஜெர்மனி முழுக்க உள்ளூர் ரயிலிலும் பஸ்ஸிலும் செல்லும் மாதச் சீட்டான டொய்ச்லாண்ட் டிக்கெட் வைத்திருப்பவர்களுக்குத் தனிச் செலவு இல்லை. உன்னா ஸ்டேஷனில் இறங்கி, மரச்சட்டம் போட்ட பழைய வீடுகளுக்கு நடுவே பத்து நிமிடம் நடந்தால் லிண்டன் சதுக்கம். வழி தெரியாவிட்டால் அண்ணாந்து உயரமான செங்கல் புகைபோக்கியைத் தேடுங்கள். ஆலையின் புகைபோக்கி அதுதான்.

படி 4: உடுப்பும் பையும்

வெயில்காலத்திலும் ஒரு ஜாக்கெட் கட்டாயம். மேலே முப்பது டிகிரி வெயிலடித்தாலும் கீழே குளிரும், ஈரம் வேறு. செருப்பு வேண்டாம், பிடிமானமுள்ள ஷூ போடுங்கள். படிகள் நிறைய, தரை எல்லா இடத்திலும் சமமாக இருக்காது, பாதி நேரம் இருட்டு. சேலை கட்டிக்கொண்டு வந்த என் சித்திக்குப் படியில் ஏறி இறங்கச் சிரமமாக இருந்தது. முழங்கால் வலி உள்ள பெரியவர்களைக் கூட்டிப் போகிறீர்கள் என்றால் முதலில் போன் செய்து படிக்கட்டுகளைப் பற்றிக் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று முக்கியம். உள்ளே ஒரு படைப்பில் ஸ்ட்ரோப் லைட் வெட்டி வெட்டி அடிக்கும். வலிப்பு நோய் உள்ளவர்கள், கண் கூசி ஒற்றைத் தலைவலி வருகிறவர்கள் அந்த அறையை விட்டுவிட வேண்டும். டிக்கெட் வாங்கும்போதே சொல்லுங்கள்.

படி 5: கண்ணைத் தயார்படுத்துங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள்.

வெயிலிலிருந்து கோவில் கருவறைக்கு முன்னால் போய் நின்ற அனுபவம் நம் எல்லோருக்கும் உண்டு. முதலில் விளக்குச் சுடர் மட்டும் தெரியும். கொஞ்ச நேரம் நின்றால் மூக்குத்தி மினுங்குவது தெரியும், பிறகு முகம், பிறகு மாலையின் மடிப்பு. விளக்கு அதேதான், மாறியது நம் கண். நிறத்தைப் பார்க்கும் கூம்புச் செல்கள் இருட்டுக்குப் பழக ஏறக்குறைய பத்து நிமிடம் ஆகும். மங்கலான ஒளியைப் பிடிக்கும் கோல் செல்களுக்கு அரை மணி நேரம் வரை ஆகும். ஆனால் அந்தப் பழக்கம் கலைய சில நொடிகள் போதும், ஒருமுறை போன் திரையைப் பார்த்தால் முடிந்தது.

முதல் முறை நான் போனபோது முதல் அறையிலேயே வீடியோ எடுக்க ஆரம்பித்தேன். திரையின் வெளிச்சம் கண்ணில் அப்படியே நிற்க, அடுத்த அறையில் வெறும் கருப்புதான் தெரிந்தது. பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் மெல்ல "ஆ..." என்று மூச்சுவிட்டார். அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் வீடியோவில் இருந்ததும் நிறம் நிறமான கலங்கல்தான். அந்த அறைக்காகவே மறுபடி டிக்கெட் எடுத்துப் போனேன்.

ஆகவே போனை அணைத்துப் பையில் போட்டுவிடுங்கள். ஒளிரும் கைக்கடிகாரம் இருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள். படம் எடுத்தே ஆக வேண்டும் என்றால் அனுமதி உண்டா என்று கேட்டுவிட்டு, கடைசியாக எடுங்கள், ஃபிளாஷ் மட்டும் வேண்டவே வேண்டாம். கீழே இறங்கியதும் அவசரப்படாமல் சுவரோரம் ஐந்து நிமிடம் நில்லுங்கள். தண்ணீர் சொட்டும் சத்தம், சுவரின் ஈர வாசனை, இதெல்லாம் அந்த ஐந்து நிமிடத்தில்தான் நமக்குள் வரும்.

படி 6: அறை அறையாகப் பாருங்கள்

எல்லா அறைக்கும் ஒரே அளவு நேரம் கொடுக்க வேண்டாம். ஜோசப் கொசுத் சுவரில் நியான் எழுத்தால் எழுதியிருக்கும் வரிகள், கீத் சோனியர் வண்ண நியான்களால் நிறைத்திருக்கும் 'கண்ணீர்ச் சுரங்கம்' இரண்டையும் நடந்துகொண்டே ரசிக்கலாம். கீழே உள்ளவை நின்று பார்க்க வேண்டியவை.

ஓலாஃபர் எலியாசனின் நடைக்கூடம் அதில் முதலாவது. தலைப்பே 'தடையில்லா வீழ்ச்சியை நிறுத்துவதற்கான திட்டம்' என்று போகும். இரண்டு பக்கமும் மேலேயிருந்து தண்ணீர் கொட்டுகிறது, நடுவில் நாம் நடக்கிறோம், ஸ்ட்ரோப் வெட்டுகிறது. ஒவ்வொரு வெட்டிலும் தண்ணீர் துளித்துளியாக அந்தரத்தில் நின்றுவிடுகிறது. டியூப் லைட் வெளிச்சத்தில் ஃபேன் இறக்கை சில சமயம் நின்றதுபோலவோ பின்னால் சுற்றுவதுபோலவோ தெரியுமே, அதே கணக்குதான். பழைய டியூப் லைட் நொடிக்கு 100 முறை மினுக்குகிறது, அந்த மினுக்கலுக்கும் இறக்கையின் வேகத்துக்கும் பொருத்தம் அமைந்தால் இறக்கை நிற்கும். இங்கே மினுக்கல் மெதுவாகவும் கூர்மையாகவும் இருப்பதால் கண்ணுக்குக் கிடைப்பது தனித்தனி நிழற்படங்கள் மட்டும், இடையில் நடந்தது எதுவும் கிடைப்பதில்லை. காதில் தண்ணீர் ஓடுகிற சத்தம், கண்ணில் நின்றுபோன தண்ணீர். ஒருமுறை நடந்து போய்விட்டுத் திரும்பி வந்து, நடுவில் நின்று ஒரே ஒரு இடத்தை மட்டும் பாருங்கள்.

மிஷா குபால் செய்திருப்பது டிஸ்கோ பந்துகளால். மூன்று கண்ணாடிப் பந்துகள் சுழல்கின்றன, அவற்றின் மேல் வெளி, பேச்சு, வேகம் என்று பொருள்படும் மூன்று ஆங்கிலச் சொற்கள் விழுந்து, எழுத்தெழுத்தாகச் சிதறி அறை முழுக்க ஓடுகின்றன. கொஞ்ச நேரத்தில் சுவர் நிற்கிறதா, நாம் சுற்றுகிறோமா என்று குழம்பும். தலை சுற்றினால் கண்ணை மூடாதீர்கள், ஒரு கையைச் சுவரில் வையுங்கள். கை சொல்வதை மூளை நம்பும்.

ரெபேக்கா ஹார்னின் 'தாமரை நிழல்கள்' எனக்கு மிகவும் பிடித்தது. செம்புக் குழாய்களும் கண்ணாடிகளும் மிக மெதுவாகத் திரும்புகின்றன. ஒளியும் நிழலும் சுவரில் இதழ் இதழாக விரிந்து, கடந்து, மறைகின்றன. கூடவே இசை. இங்கே உட்கார முடிந்தால் உட்காருங்கள். இரண்டு நிமிடம் பார்த்தவர்களுக்கு இயந்திரம் தெரியும், பத்து நிமிடம் பார்த்தவர்களுக்குக் குளம் தெரியும்.

ஜேம்ஸ் டரலின் 'ஃபுளோட்டர் 99' முன்னால் நிற்கும்போதுதான் ஐந்தாம் படியின் அருமை புரியும். இருட்டில் ஒரு செவ்வக ஒளி, சுவரை விட்டு விலகி மிதப்பதுபோல் இருக்கும். திரையா, பள்ளமா, பனிமூட்டமா என்று கண்ணால் முடிவெடுக்க முடியாது. காரணம், தூரத்தை அளக்க நம் கண்ணுக்கு ஓரமோ கீறலோ நிழலோ ஏதாவது ஒரு பிடி வேண்டும். வெறும் ஒளி அந்தப் பிடியைக் கொடுப்பதில்லை. குழந்தைகள் கையை நீட்டித் தொடப் பார்ப்பார்கள். கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

படி 7: மேலே வந்து வானத்தைப் பாருங்கள்

டரலின் இன்னொரு படைப்பு, 'மூன்றாம் மூச்சு', வெளியே கனசதுரக் கட்டடமாக நிற்கிறது. அன்று திறந்திருக்கிறதா என்று டிக்கெட் கவுண்டரில் கேளுங்கள். மேல் அறையில் கூரைத் திறப்பு வழியாக வானத்தை நேராகப் பார்க்கலாம். கீழ் அறையில் அதே வானம் லென்ஸ் வழியாக இறங்கித் தரையில் விழுகிறது.

பாட்டி வீட்டு ஓட்டுக்கூரையின் இடுக்கு வழியே மத்தியானம் தரையில் வட்ட வட்டமாக வெயில் விழுந்திருக்கும். இடுக்கு எந்த வடிவத்தில் இருந்தாலும் வெயில் வட்டம்தான், ஏனென்றால் அது சூரியனின் பிம்பம். ஊசித்துளைக் காமிராவும் அப்படித்தான் வேலை செய்கிறது. இங்கே சூரியனோடு மேகமும் சேர்ந்து தரையில் நகர்கிறது. காலடியில் மேகம் ஊர்வதைப் பார்த்துவிட்டு என் அக்கா மகள் அதை மிதிக்காமல் ஒதுங்கி ஓரமாக நின்றாள். மேகம் முழுக்க மூடிய நாளில் இது எடுபடாது, நாளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது இதற்காகத்தான்.

படி 8: இருட்டும்வரை காத்திருங்கள்

உடனே ஸ்டேஷனுக்கு ஓட வேண்டாம். அதே வளாகத்தில் நூலகம் இருக்கிறது, ஆலையின் இன்னொரு பகுதி கலை நிகழ்ச்சிகள் நடக்கும் மன்றமாக இயங்குகிறது. அந்தப் பக்கம் ஏதாவது குடித்துவிட்டு, அந்தி சாயும்போது சதுக்கத்துக்குத் திரும்புங்கள்.

புகைபோக்கியில் மரியோ மெர்ஸின் நீல நியான் எண்கள் எரியும்: 1, 1, 2, 3, 5, 8, 13... முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது. இத்தாலியரான ஃபிபொனாச்சியின் பெயரில் வழங்கும் வரிசை இது. அவர் 1202இல் எழுதுவதற்கு முன்பே இந்தியாவில் குறில் நெடில் அடுக்குகளை எண்ணிய யாப்பிலக்கணக்காரர்கள் இதைக் கண்டிருந்தார்கள் என்பது கூட வருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய செய்தி. புகை போன வழியில் எண்கள் ஏறிப் போகின்றன. கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பாருங்கள், ரயில் இன்னும் இருக்கிறது.