தேக்காவில் போலீஸ் நிறுத்தினால்

தம்பிகளா, ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவான தேக்காவுக்கு வந்தால் பீர் டின்னை நடைபாதையில் திறக்காதீர்கள். 2013 டிசம்பரில் இங்கே நடந்த கலவரத்துக்குப் பிறகு வந்த மதுச் சட்டம் 2015 ஏப்ரலிலிருந்து நடப்பில் இருக்கிறது. தீவு முழுக்க இரவு 10.30 முதல் காலை 7 வரை பொது இடத்தில் குடிக்கக் கூடாது. தேக்காவிலோ சனி காலை 7 முதல் திங்கள் காலை 7 வரை தடை. அபராதமும் இங்கே கூடுதல். ஒரு டின்னுக்கு இது ரொம்ப அதிகம் என்பேன். வாரம் முழுக்கத் தொழிலாளர் தங்குவிடுதியில் அடைந்து கிடப்பவனுக்கு உட்கார வேறு திண்ணை ஏது?

சரி, நிறுத்திவிட்டார்கள். ஓடாதீர்கள். "வேலை பெர்மிட் எடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் பைக்குள் கையை விடுங்கள். கொட்டச் சொன்னால் கொட்டுங்கள். மிச்சம் இரண்டு மடக்குக்காக வாதம் வேண்டாம். பெயர், முகவரியைச் சரியாகச் சொல்லுங்கள். வாரண்ட் இல்லாமல் கைது செய்ய முடியாத சின்னக் குற்றமாக இருந்தாலும், அதிகாரி கண்ணெதிரே செய்துவிட்டுப் பெயரை மறைத்தால் கைதுதான்.

கைதானால் காரணம் கேளுங்கள். அதைச் சொல்ல வேண்டும், 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசமைப்பின் 9ஆம் பிரிவு. வக்கீலைப் பார்க்கும் உரிமையும் உண்டு, ஆனால் கேட்டவுடன் கிடைக்காது. "நியாயமான நேரத்துக்குள்" என்பதுதான் நீதிமன்றங்களின் கணக்கு. எனக்கு இதில்தான் மனத்தாங்கல்.

வாக்குமூலத்தைத் தமிழில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். தப்பு இருந்தால் திருத்தச் சொல்லி, அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். சும்மா "ஓகே, ஓகே" என்று தலையாட்டாதீர்கள்.