ஜேபெக்கா, பிஎன்ஜியா? புள்ளியைப் பெரிதாக்கிப் பாருங்கள்

சான்றிதழ், அறிவிப்பு, பெயர் அட்டை என்று எழுத்துள்ள படங்களை வடிவமைப்பதுதான் என் வேலை. படங்களைச் சேமிக்க ஜேபெக் (JPEG), பிஎன்ஜி (PNG) என்ற கோப்பு வடிவங்கள் உண்டு. ஆரம்பத்தில் எல்லாவற்றையும் ஜேபெக்கிலேயே சேமித்து வந்தேன். ஒருநாள் ஒரு சான்றிதழை 400 சதவீதம் பெரிதாக்கினால், ‘க்’ மேல் இருந்த புள்ளியைச் சுற்றிப் பொடிப்பொடியாக அழுக்கு. எது புள்ளி, எது அழுக்கு என்று எனக்கே குழப்பம்.

ஜேபெக் செய்யும் வேலை அது. படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு அவ்வளவாகப் படாத நுணுக்கங்களை ஒவ்வொரு கட்டத்திலும் கழித்துவிடும். முகம், வானம், இலை போன்றவற்றில் நிறம் மெல்ல மாறுவதால் இழப்பு தெரியாது. வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து என்றால் நிறம் சட்டென்று மாறும். அங்கேதான் அழுக்கு சேரும். சிவப்பு எழுத்து இன்னும் மோசம், ஏனென்றால் ஒளியை விட நிறத்தைத்தான் ஜேபெக் தாராளமாகக் குறைக்கும்.

பிஎன்ஜி எதையும் கழிக்காது. ஜிப் கோப்பைப் போலச் சுருக்கி, திறக்கும்போது ஒரு பிக்சல் மாறாமல் திருப்பித் தரும். அதனால் எழுத்து, கோட்டுப்படம், ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றுக்கும் பிஎன்ஜி. பின்னணி இல்லாத லோகோவுக்கும் அதுதான். ஜேபெக்கில் அந்த இடம் வெள்ளையாகவோ கறுப்பாகவோ நிரம்பிவிடும். ஆனால் கேமராவில் எடுத்த படத்தைப் பிஎன்ஜியில் போட்டால் கோப்பு பல மடங்கு ஊதிவிடும், கண்ணுக்கு ஒரு லாபமும் இல்லை.

சந்தேகமா? ஒரே படத்தை இரண்டிலும் சேமியுங்கள். இரண்டையும் பெரிதாக்கி எழுத்தின் ஓரத்தைப் பாருங்கள், அப்புறம் கோப்பின் அளவைப் பாருங்கள். எழுத்தும் புகைப்படமும் கலந்த படமென்றால் நான் பிஎன்ஜி பக்கம்தான். அளவு மிஞ்சினால் மட்டும் ஜேபெக், சேமிக்கும்போது தேர்ந்தெடுக்கும் தரம் நூற்றுக்கு 90-க்குக் குறையாமல்.

ஒருமுறை ஜேபெக்கில் போனது போனதுதான். அதைப் பிஎன்ஜியாக மாற்றினால் அழுக்கும் பத்திரமாகச் சேமிக்கப்படும், அவ்வளவே. ஜேபெக்கைத் திறந்து திருத்தி மறுபடி ஜேபெக்கிலேயே சேமித்தால் ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் தேயும். அதனால் மூலக் கோப்பை அழிக்காதீர்கள்.

இன்னொன்று: பிஎன்ஜியைச் செய்தி அனுப்பும் செயலியில் படமாகப் போட்டால், பல செயலிகள் அதை ஜேபெக்காக்கிச் சுருக்கிவிடும். ஆவணமாக இணைத்து அனுப்புங்கள்.