மேற்கோளுக்கு ஆதாரம் காட்டும்போது கவனிக்க வேண்டியவை

அச்சு நூலில் ஆண்டை அட்டையைப் பார்த்துக் குறிக்காதீர்கள்; தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைப் புரட்டுங்கள். 'இரண்டாம் பதிப்பு 2015, மறுஅச்சு 2019' என்றிருந்தால், எழுத வேண்டியது 2015-உம் இரண்டாம் பதிப்பு என்பதும்தான். பதிப்பு மாறினால் பக்க எண்ணும் நகர்ந்துவிடும். நீங்கள் சொன்ன பக்கத்தில் அந்த வரி இல்லையென்றால் ஆய்வேட்டைச் சரிபார்ப்பவருக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும்.

ஆய்விதழ்க் கட்டுரையா? முதலில் டிஓஐ (DOI) எண்ணை, அதாவது கட்டுரைக்குத் தரப்படும் நிலையான இணைய அடையாள எண்ணைத் தேடுங்கள், அது '10.' என்று தொடங்கும். ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம் வகுத்த மேற்கோள் நடை) 7-ஆம் பதிப்பின்படி அதை முழு இணைப்பாகவே தர வேண்டும். இறுதியில் முற்றுப்புள்ளி வைக்கக் கூடாது, வைத்தால் அதுவும் இணைப்போடு ஒட்டிக்கொண்டு பக்கம் திறக்காமல் போகலாம். பார்த்த தேதி இதற்குத் தேவையில்லை. அடிக்கடி திருத்தப்படும் இணையப் பக்கங்களுக்குத்தான் அது வேண்டும். அப்படிப்பட்ட பக்கத்தை அன்றே, இணையப் பக்கங்களின் நகலைக் காத்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் சேமித்துவிடுங்கள். மூலப் பக்கம் மறைந்தாலும் ஆதாரம் நிற்கும்.

பக்க எண் இல்லாத இடத்தில் உட்தலைப்பையும் பத்தி எண்ணையும் கொடுங்கள். கிண்டில் மின்னூலில் பக்க எண்ணுக்குப் பதிலாக வரும் லொகேஷன் எண்ணைத் தராதீர்கள், வேறு கருவியில் படிப்பவருக்கு அது உதவாது.

சோட்டெரோ போன்ற, மேற்கோள் விவரங்களைத் தொகுக்கும் மென்பொருள் இழுத்துத் தரும் விவரங்களில் ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் மட்டுமாவது மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிழை அதிகம் நுழைவது அங்கேதான்.